எலிக்குட்டியும் எட்டு லீவர் பூட்டும்

பூட்டுக்காரர் தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரியில்.

"பெட்டிப் பூட்டு பத்திரமா இருக்கா?" என்று கேட்டாள்.

"எட்டு லீவர். நானே செஞ்சது. எவனாலயும் திறக்க முடியாது."

"எவனாலயும் முடியாதுதாங்க," என்று இருமல் வரும்வரை சிரித்தாள்.

அந்தப் பெட்டியில் இருந்தது நகையல்ல, ஓர் ஆங்கில அகராதி. எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் தடிப் புத்தகம். பூட்டுக்காரர் ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். பட்டதாரியான சகலையோ வரும்போதெல்லாம், "இது படிச்சவங்க விஷயம், உங்களுக்குப் புரியாது," என்பார். அந்த வாயை ஒரு நாளாவது அடைத்துவிட வேண்டும் என்பதுதான் பூட்டுக்காரரின் லட்சியம். மனைவிக்குக்கூடத் தெரியாமல், அவள் கடைக்குப் போகும் நேரம் பார்த்து, எழுத்துக்கூட்டி, நாளுக்கொரு சொல்லாக 'எம்' வரை வந்துவிட்டார்.

அவள் நோயில் விழுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை பீரோவை ஒற்றை ஆளாக நகர்த்திவிட்டு, கையை மடக்கிக் காட்டினார். "பாத்தீங்களா மசில்!"

பூட்டுக்காரருக்குப் புல்லரித்தது. நேற்றுப் படித்த சொல்! தொண்டையைச் செருமினார்.

"மசில்னா என்ன தெரியுமா சகலை?"

"சதை."

"அது இப்போ. மூலம்?"

"சதைக்கு ஏதுங்க மூலம்?"

பூட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"எலிக்குட்டி!"

"எங்கே?" என்று சகலை காலைத் தூக்கிக்கொண்டார்.

"உங்க கையிலதான். லத்தீன்ல முஸ்குலுஸ்னா சின்ன எலி. கையை மடக்கினா தோலுக்கடியில எலி ஓடற மாதிரி இல்ல? அதான்."

சகலை தன் கையை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"நீங்கதான் தூக்கத்துல உளர்றீங்களே."

"லத்தீன்லயா?"

"பின்னே? எவ்வளவு படிச்சிருந்தா அப்படி வரும்!"

பூட்டுக்காரருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. தூங்கும்போதே லத்தீன் பேசுகிறவர் இந்தத் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள்? அடுத்தடுத்து சகலையிடம் அவர் எடுத்துவிடப் பார்த்த சொற்களையும் அவளே முந்திக்கொண்டு சொன்னாள். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கிப் பார்த்தார். அப்படியும் முந்தினாள். துண்டையும் மீறி வருகிறதே தன் படிப்பு என்று இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்.

அவள் போன மறுவாரம் பெட்டியைத் திறந்தார். அவர் வைத்த அடையாளச் சீட்டு 'ஓ'வைத் தாண்டி 'பி'யில் நின்றிருந்தது. கடைசிப் பக்கத்தில், 'இஸட்' முடிகிற இடத்தில், அவளுடைய கொண்டை ஊசி இருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவருடைய பட்டறையில் எவனும் இத்தனை சுத்தமாக வேலை செய்ததில்லை.

ஊசியின் நுனி கொஞ்சம் வளைந்திருந்தது. அதில் எட்டுக் கீறல்கள்.