இனியா மாணவர் தலைவியாக இருந்த காலம்

அன்னவாசல்

மஸ்கட்டில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் ஆத்மநாதன் அவர்களுக்கு, உங்கள் தங்கை பரிமளாவின் கணவன் குணசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் சௌக்கியம். அங்கு வெயிலைத் தவிர மற்றதெல்லாம் நலம் என்று நம்புகிறேன்.

எங்கள் மகள், உங்கள் மருமகள் இனியா பள்ளியில் மாணவர் தலைவி ஆனதற்கு வாழ்த்துச் சொல்லியிருந்தீர்கள். அந்தப் பதவி இப்போது இல்லை. போனில் சொன்னால் பரிமளா குறுக்கே பேசுவாள் என்பதால் எழுதுகிறேன்.

எறும்பை மிதித்தால்கூட சாரி சொல்லும் பிள்ளை மச்சான், பேட்ஜ் குத்திய அன்றே நடை மாறிவிட்டது. முதலில் தாமதமாக வந்தவர்களை கேட்டுக்கு வெளியே நிறுத்தினாள், பிறகு ரிப்பன் அவிழ்ந்தவர்களை, அப்புறம் அவளைக் கண்டு எழுந்து நிற்காதவர்களை. சின்னப் பிள்ளைகள் பயந்துபோய்த் தங்கள் டிபன் பாக்ஸிலிருந்து முறுக்கு கொடுக்க, இவள் வாங்கித் தின்றிருக்கிறாள். கேட்டால், "நான் கேக்கலப்பா, அதுகளா குடுக்குதுக" என்கிறாள். சட்டைப் பட்டன் போடாமல் காபி குடித்ததற்காக என்னையும் வாசலில் நிறுத்தினாள். நின்றேன். வேறென்ன செய்ய?

ஒன்றாம் வகுப்பிலிருந்து இவளுக்குத் தோழி மோகனப்ரியா. கணக்குப் பரீட்சை அன்று பஸ் பழுதாகி, பாதி வழி நடந்தே வந்திருக்கிறாள்.

"இனியா, பஸ் நின்னு போச்சுடி. பரீட்சை இருக்கு, விடு."

"டீ போட்டுப் பேசாத. லீடர்னு சொல்லு."

அந்தப் பிள்ளை சொல்லவும் செய்தது மச்சான். இவள் அப்படியும் விடவில்லை. வெயிலில் மயங்கி விழுந்துவிட்டது. பரீட்சையும் போயிற்று.

அன்று மாலை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "அவ மேல கோவமெல்லாம் இல்லப்பா. நிறுத்துனா எல்லாரும் என்னயப் பாக்குறாங்க. அது நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். மறுநாள் வண்டியில் மோகனப்ரியா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். "அவ ஒன்னயப் பாக்க மாட்டேங்குறா தாயி" என்றார் அவள் அம்மா. இனியா நேராகப் பள்ளிக்குப் போய் பேட்ஜைக் கழற்றித் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டாள். தோழிகள் இன்னும் தனித்தனி பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். நேற்று மட்டும் மோகனப்ரியா பேனா கேட்டாளாம். இவள் இரண்டு கொடுத்திருக்கிறாள்.

பதினைந்து வயதிலேயே இது தெரிந்தது நல்லதாகப் போயிற்று மச்சான். நாற்பதுக்கு மேல் பதவி தலைக்கு ஏறினால் எடுத்துச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
குணசேகரன்

பி.கு.: நேற்று என்னைப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவராக்கிவிட்டார்கள். மறுத்துப் பார்த்தேன், ஒருமுறை. இன்று கூட்டத்தில் பின்வரிசையில் சிரித்த ஒருவரை வெளியே அனுப்பினேன். தலைமையாசிரியையின் கணவராம், இருக்கட்டும். இனி கடித உறையில் என் பெயருக்கு முன்னால் 'தலைவர்' என்று போடவும். போடாத கடிதங்களை நான் பிரிப்பதில்லை.