ஏசுபாதம் ரொட்டி வெட்டிய படலம்

திண்டிவனத்துத் திருச்சபையின் திருமேசைக் காவலர், மயிலம் முதல் பனமலை வரை வரப்புகளைச் சங்கிலி போட்டுக் கலங்கடித்த ஓய்வுபெற்ற சர்வேயர், இரும்பு ஸ்கேலைக் கேடயமாகவும் ரம்பப்பல் கத்தியை வாளாகவும் தாங்கிய தடந்தோளர் ஏசுபாதம் வாழ்க! வானோரே, செவி சாய்ப்பீர். அவர் ஒரு ரொட்டியோடு பொருத கதை இது.

பீடத்தை ஒட்டிய பக்கத்து அறையே போர்க்களம். திருவிருந்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் நக அளவில் ஒரு துண்டு வேண்டும். சபையின் தேவை அவ்வளவுதான். ஏசுபாதத்தின் தேவையோ வேறு. ஆறு முகமும் சமமாக, பழுப்பு ஓரம் ஒட்டாமல், பகடைக்காய் போல நிற்க வேண்டும் ஒவ்வொன்றும்.

ரொட்டியின் போர்த்தந்திரத்தை இங்கே விளக்கியாக வேண்டும். சுட்டவுடன் ரொட்டிக்குள் ஈரம் நடுவிலேயே தங்கியிருக்கும். கத்தி பட்டால் வெட்டுப்படாது, நசுங்கும், பிய்யும். ஓரிரவு ஆறவிட்டாலோ உள்ளே இறுகி, சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் கர்த்தருக்குப் பழைய ரொட்டியா என்று கொதித்தெழுந்து, அன்று காலையில்தான் ஆவி பறக்க வாங்கிவந்தார் நம் வீரர்.

ஆகவே மூண்டது பெரும்போர். வாள் வீழ, துகள் பறக்க, வெள்ளைச் சதையும் பழுப்புத் தோலும் மேசையெங்கும் சிதற, கோணல் கண்டவற்றையெல்லாம் குற்றுயிராய்ப் பிளாஸ்டிக் கவருக்குள் எறிந்து எறிந்து அவர் முன்னேற, தட்டில் தேறி நின்ற சதுரங்கள் ஒரு கைப்பிடிகூட இல்லை.

மனைவி அன்புச்செல்வி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, மணி அடிச்சிட்டாங்க. இன்னும் அளந்துக்கினு இருக்கீங்க?"

"கர்த்தர் மேசைடி இது. கோணலா வெக்க முடியுமா?"

"ஒங்க கோணலயே பாத்துக்கினுதான இருக்காரு. ஜல்தி வாங்க."

"வெளிய போடி!"

இடிமுழக்கம் போன்ற அந்தக் கர்ஜனையில் முன்வரிசைப் பாடகர்கள் ஒரு தாளம் தவறினார்கள்.

இதுதான் அவருடைய நெடுநாள் தோல்வி. கோபத்தைத் துறந்த பிறகே திருமேசைக்குப் போவேன் என்று விரதம் பூண்டிருந்தார். சனிக்கிழமை வரை தாக்குப்பிடிப்பார். ஞாயிறு காலையில் ரொட்டி கோணும், குரல் உயரும், தகுதி போகும். ஊருக்கெல்லாம் விருந்து வெட்டித் தந்துவிட்டுத் தாம் மட்டும் உண்ணாமல் அறைக்குள்ளேயே நிற்பார். வெளியே திருமேசையின் முன் அன்புச்செல்வி வருஷக்கணக்காகத் தனியாக முழங்காலிட்டு வந்தாள்.

தட்டை எடுக்க வந்தார் பாஸ்டர் ராஜ்குமார்.

"ஐயா, இது பாட்டுக்காரங்களுக்கே பத்தாதே! அந்தக் கவர்ல இன்னா?"

"அதெல்லாம் கோணல், பாஸ்டர்."

"அப்ப நம்ம சபைக்குன்னே வெட்டியிருக்கீங்க."

சொல்லிக்கொண்டே கவரைத் தட்டின்மேல் கவிழ்த்தார். சதுரப் படை கோணல் வெள்ளத்தில் மூழ்கி மறைந்தது. ஏசுபாதம் கோட்டை இழந்த மன்னனைப் போல நின்றார்.

"நீங்களும் வாங்க."

"நான் வரக் கூடாது. இப்பத்தான் அவகிட்ட கத்தினேன்."

"சபைக்கே கேட்டுச்சு. நேத்து நான் எங்க ஊட்ல கத்துனது ஒங்களுக்குக் கேக்கல, அவ்ளோதான். நேரானவங்கள மட்டும் கூப்புட்டிருந்தா அங்க நானே நிக்க முடியாது. கத்திய வெச்சிட்டு வாங்க."

வரப்புகள் அஞ்சிய வீரர், ஆயுதம் துறந்து, சட்டையெல்லாம் துகளாய், தம் விரதத்தின் இடிபாடுகளைக் கடந்து வந்து, மனைவியின் பக்கத்தில் முழங்காலிட்டார். உள்ளங்கையில் விழுந்தது ஒரு துண்டு: மூன்று மூலை, ஒருபுறம் தோல், நடுவில் யாருடைய கட்டைவிரலோ பதிந்த பள்ளம். அளக்க ஓடிய கண்ணை இழுத்துப் பிடித்தார்.

"கத்திட்டேன்," என்று முணுமுணுத்தார்.

"தெரியும். துன்னுங்க," என்றாள் அன்புச்செல்வி, அவர் நன்றாக முழங்காலிட இடம் விட்டு நகர்ந்தபடி.

உண்டார். வானம் பிளக்கவில்லை, பூமி அதிரவில்லை, அண்டசராசரங்களும் அணுவளவும் அச்சுப் பிசகாமல் தத்தம் பாதையில் சுழன்றுகொண்டிருக்க, ஆலயத்தின் தூண்களெல்லாம் அந்த மாவீரரின் மகத்தான சரணாகதிக்குச் சாட்சியாய் ஓங்கி நின்றன.

ஆராதனை முடிந்ததும் இருவரும் கறி வாங்கப் போனார்கள்.