ஐம்பது மீட்டர் தேடு படலம்

சுழல்நாற்காலிச் சூரனே, விசைப்பலகை வேந்தே, துவைத்தல் அறியாப் பனியன் தவழும் தடமார்பனே, வாழி நீ! நின் பெருமை பாடி முடிக்குமட்டும் மின்சாரம் நில்லாது ஓடுக!

நண்பர்களால் 'தளபதி' எனப்பட்ட அவ்வீரன், கணினிப் போர் விளையாட்டு ஒன்றுக்குத் தன் கையாலேயே புதுக்களம் சமைத்துக்கொண்டிருந்தான். ஐந்து மணிக்குத் தோழர் வந்து அதில் ஆடுவர். போன வாரம் அவன் சமைத்த களத்தில் ஹெலிகாப்டர் மண்ணுக்கடியில் பிறந்து தொலைத்தமையால், இம்முறையும் சொதப்பினால் தளபதிப் பட்டம் பல் டாக்டர் மகனுக்கே என்று தோழர் பேரவை தீர்ப்பெழுதியிருந்தது.

வேண்டியது ஒன்றே. ஆடுபவன் பொத்தானை அழுத்தினால், ஐம்பது மீட்டருக்குள் அவனுக்கு மிக அருகில் நிற்கும் பகைவன் தலையில் பீரங்கிக் குண்டு விழ வேண்டும். அருகிலிருப்பதைத் தேடித் தர அவ்விளையாட்டில் ஒரு கட்டளை உண்டு. கிட்டத்தில் உள்ளது முன்னும் எட்டத்தில் உள்ளது பின்னுமாக வரிசைகட்டிக் கொணரும் ஏவலன் அது.

ஏவினான். ஏவலன் பட்டாம்பூச்சி ஒன்றைக் கொணர்ந்தான். கடையூழியில் கருமுகில் பிளந்து இறங்கும் பேரிடி போல, மலை நடுங்க, மடு வறள, திக்கெட்டும் செவிடுபட வந்திறங்கிய குண்டுக்கு அப்பூச்சி இரையாயிற்று. பகைவன் பக்கத்திலேயே நின்று கொட்டாவி விட்டான்.

"பூச்சி புழு வேண்டா, மனிதனைக் கொணர்க!" எனத் திருத்தி ஏவினான். குண்டு களத்துள் நின்ற தளபதியின் தலையிலேயே விழுந்தது. மறுபடி ஏவினான், மறுபடி விழுந்தது. செத்துச் செத்துப் பிழைத்து, பிழைத்துப் பிழைத்துச் செத்து, தன் பிணக்குவியல் மேல் தானே ஏறி நின்று சாகும் அளவுக்கு அக்களம் அவனால் நிறைந்தது.

மருந்துக்கடை மாலை வேலைக்குக் கிளம்பிய அக்கா அப்போது வாசலில் தோன்றினாள்.

"டேய், ஸ்கூட்டர் சாவி எங்கடா? காலைல நீதானே வண்டிய எடுத்துட்டுப் போனே?"

"பக்கத்துலதான்க்கா எங்கயாவது இருக்கும்."

"அஞ்சு மணிக்குள்ள கிடைக்கல, வயரைப் பிடுங்கிடுவேன். அப்புறம் நீயும் உன் பட்டாளமும் பல்லாங்குழி ஆடுங்க."

மிரட்டலில் மதி தெளிந்தது. எவனுக்கும் மிக அருகில் இருக்கும் மனிதன் அவனேயன்றோ! தொலைவு பூஜ்ஜிய மீட்டர்! ஏவலன் பொய்க்கவில்லை, ஏவியவனைத்தான் தேடிக் கொடுத்திருக்கிறான். "தேடுவோன் தன்னை நீக்கியே தேடுக!" எனக் கூரை அதிர முழங்கி, ஒரே வரியில் அவ்விதியைப் பொறித்து ஏவினான். பகைவன் கொட்டாவியோடு விண்ணேகினான்.

வெற்றிமதம் தலைக்கேறிய தளபதி, அதே விதியைக் கொடியாய் உயர்த்திச் சாவிப்போருக்கும் எழுந்தான். மெத்தையைப் புரட்டினான், செருப்பை உதறினான், ஃபிரிட்ஜில் முட்டைகளை விசாரித்தான், அக்காவின் கைப்பையைக் கொட்டி அடியும் வாங்கினான். தன்னை மட்டும் நீக்கி, வீடு முழுவதையும் சல்லடையாய்ச் சலித்தான். மணி ஐந்தடித்தது, தோழர் நால்வரும் திரையில் காத்திருந்தனர். காலத்தை வெல்ல, கன்று தேடும் பசுவெனத் துள்ளி நாற்காலிக்குத் தாவினான். கிலுங் என்றொரு ஓசை எழுந்தது.

"நில்லு. பாக்கெட்ல என்னடா சத்தம்?"

அக்கா அவன் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, வயரைப் பிடுங்கிவிட்டு வேலைக்குப் போனாள்.