முப்பத்தாறு பாயிண்ட்

கண்ணாடிக்கடைக்காரர் எதையும் குத்துமதிப்பாகச் செய்கிறவரில்லை. கால் பாயிண்ட் பவர் வித்தியாசத்துக்காக ஒரே கண்ணை அரை மணி நேரம் சோதிப்பார். அப்படிப்பட்டவர் ஆசைப்பட்டுக் காருக்கு நாலு அகலமான அலாய் வீல் வாங்கினார். வீல் பெரிது, அதைச் சுற்றியிருந்த டயர் மட்டும் ஒல்லி. கழற்றிய பழைய சக்கரங்களைத் தூக்கிப்போட அவர் மனைவி விடவில்லை. அவை பின் பால்கனியில் போர்வை போர்த்திக்கொண்டு காத்திருந்தன.

மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். புதுச் சக்கரம் வந்த வாரமே ஒரு கல்யாணக் கேக்கின் மேலடுக்கு காரிலேயே சரிந்து விழுந்தது. மணப்பெண் அழுதாள். இவள் அழவில்லை.

"ஏங்க, காத்தைக் கொஞ்சம் குறைங்களேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் முதுகெலும்பு கழண்டு மடியில விழுது."

"குறைக்கவே கூடாது!" அவர் குரலில் தீர்ப்புச் சொல்லும் கனம். "இந்த டயர்ல பக்கவாட்டு ரப்பர் ரெண்டு விரல் அகலந்தான். காரைத் தாங்குறதே உள்ள இருக்கிற காத்துதான். அது குறைஞ்சா, பள்ளத்துல இறங்கினதும் ரப்பர் நசுங்கி அடி நேரா ரிம்முக்குப் போகும். முப்பத்தாறு பாயிண்ட். அதுதான் கணக்கு."

"உங்க கணக்குல ரிம் இருக்கு. என் கேக் இருக்கா?"

"கேக்கை நீ ஒழுங்கா பிடிக்கல."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று உறைத்தது. மனைவி கிரீம் பிழிந்துகொண்டிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"சரிங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மூணடுக்கு ஆர்டர். நான் மடியிலேயே பிடிச்சுக்கறேன். நீங்க ஓட்டுங்க. கேக் முழுசா போய்ச் சேந்தா உங்க வீல் இருக்கட்டும். உடைஞ்சா, அன்னிக்கே பழசை மாட்டணும்."

"சம்மதம்" என்றார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை. அந்தச் சக்கரங்களை அவர் கடையில் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் துடைக்கிறவர்.

ஞாயிறு காலை, காற்று அளக்கும் கேஜுடன் அவர் மட்டும் கீழே இறங்கினார். முதல் டயரின் முன் குந்தினார். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு, உபதேசித்த வாயாலேயே மூச்சை அடக்கிக்கொண்டு வால்வை அழுத்தினார். புஸ்ஸென்றது. இருபத்துநாலுக்கு வந்ததும் நிறுத்தினார். நாலு டயருக்கும் இதே கதி. மாடி ஜன்னலில் திரை ஆடியது. அவர் பார்க்கவில்லை. கேஜைச் செருப்பு அலமாரியில் ஒளித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

கார் கிளம்பியது. குலுக்கலே இல்லை. மடியில் பெரிய கேக் பெட்டியை அணைத்தபடி மனைவி கண்ணை அகல விரித்தாள்.

"என்னங்க, மெத்தையில போற மாதிரி இருக்கு! காத்து அதேதானா?"

"அதே முப்பத்தாறுதான். உனக்குப் பழகிடுச்சு."

"இருக்கும், இருக்கும்."

"பெட்டி கனமா இருக்கா?"

"மூணடுக்கு இல்லையா? இடது பக்கம் திருப்புங்க."

"அது குழாய் பதிக்கத் தோண்டிப் போட்ட தெருவாச்சே! பள்ளமா இருக்குமே!"

"இருந்தா என்ன? அதான் முப்பத்தாறு இருக்கே."

அவர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் ரிம் போகும். வாயை மூடிக்கொண்டு இடது பக்கம் திருப்பினார்.

எவ்வளவு மெதுவாக ஓட்டியும், மண்ணுக்குள் மறைந்திருந்த ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. டங்கென்று ஒரு சத்தம். அது அவர் நெஞ்சிலேயே விழுந்தது. இறங்கிப் பார்த்தார். ரிம்மின் விளிம்பு உள்ளே மடங்கியிருந்தது. மிச்சமிருந்த காற்றும் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் குந்தி அதைத் தடவிக் கொடுத்தார். கண் கலங்கிவிட்டது.

சட்டென்று ஒரு நம்பிக்கை வந்தது. எழுந்து ஓடினார்.

"கேக்! கேக் உடையலையே? பெட்டி அசையவே இல்லையே! அப்போ ஜெயிச்சது நான்தான்!"

"நீங்களே பாத்துக்குங்க" என்று மனைவி பெட்டியை நீட்டினாள்.

மூடியைத் திறந்தார். சமையலறைத் துண்டில் பத்திரமாகச் சுற்றிய ஜாக்கி. பக்கத்தில் வீல் ஸ்பேனர். அவற்றின் மேல், கேக்கின் உச்சியில் வைக்கும் செர்ரிப் பழம் போல, அவருடைய கேஜ்.

"கேக்கை நேத்தே எங்கக்கா கார்ல அனுப்பிட்டேன்" என்றாள் மனைவி. "நீங்க குளிக்கிறப்போ பழைய சக்கரம் ஒண்ணை டிக்கியில வெச்சேன். மீதி மூணை வீட்டுக்குப் போய் மாட்டிக்கலாம்."

அவர் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். நட்டில் மாட்டித் திருகினார், அது நழுவியது.

"ஒழுங்கா பிடிங்க" என்றாள் அவள்.