சின்ன முதலாளி இன்னும் நடக்கவில்லை

மனித இனம் இரண்டு காலில் எழுந்து நடக்கத் தொடங்கிப் பல லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அந்தக் காரியத்தை ஓர் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்த பெருமை, மஞ்சள் கதவு போட்ட அந்தக் குழந்தைகள் காப்பகத்தையே சாரும். அங்கே சேர்ந்த குழந்தைகளில் ஒன்றுகூட இதுவரை அங்கே முதன்முதலாக நடந்ததில்லை. எல்லாம் தவழ்ந்து வரும், பிறகு ஓடும். இடையில் என்ன ஆயிற்று என்பது காப்பகத்துக்குத் தெரியாது.

காரணம், நிர்வாகி மேடம் தம் கைப்பட எழுதிய 'முதல் அடிக் கொள்கை'. பிள்ளையின் முதல் அடியைக் காணும் பாக்கியம் பெற்றவர்களுக்கே உரியது. கூலிக்குப் பிள்ளை பார்ப்பவர்கள் முந்திக்கொண்டு அதைப் பார்க்கக் கூடாது. தப்பித்தவறிப் பார்த்துவிட்டால்? பார்க்கவில்லை.

இப்பேர்ப்பட்ட நிறுவனத்தில்தான் 'புதுசு' பயிற்சி ஊழியராகச் சேர்ந்தாள். அவளுக்கும் வீட்டில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். காப்பகத்தில் அதை யாரும் கேட்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிப்பு, படித்துக்கொண்டே வேலை, முடிவில் மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்த்துத் தேர்ச்சி கொடுத்தால் நிரந்தர வேலை. இதை வீட்டில் சொன்ன அன்று அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"புள்ளையத் தூக்கறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு பரீட்சையா?"

"ஃபெயிலானா புள்ளையக் கீழ வச்சுடணுமாம்மா," என்றான் அண்ணன்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. புதுசு ஏற்கெனவே இரண்டு வேலைகளை விட்டவள். இதுவும் கைநழுவினால் மாமாவின் இரும்புக் கடையில் திருகாணி எடை போட ஒரு முக்காலி தயாராக இருந்தது. ஆனால் இந்த வேலை அவளுக்குப் பிடித்துவிட்டது. மூக்கு ஒழுகும் ஒரு முகம் தன் தோளில் அழுந்தித் துடைத்துக்கொள்ளும்போது, உலகத்தில் தனக்கும் ஒரு பயன் இருக்கிறது என்று நினைத்தாள். அந்த முக்காலியில் போய் உட்கார அவளுக்கு மனமில்லை.

பயிற்சி முதல் நாளே தொடங்கியது. தவழ்ந்துகொண்டிருந்த ஒரு குழந்தை அலமாரியைப் பிடித்து எழுந்து, கையை விட்டது.

"புதுசு! சுவரப் பாரு!" என்று அலறினாள் அந்த அறையின் பொறுப்பாளரான பெரியக்கா.

"ஏன்க்கா?"

"நிக்கிறான்டி! பாத்துத் தொலைக்காதே!"

பெரியக்கா, சமையல்கார அம்மா, புதுசு மூவரும் சுவரில் வரைந்திருந்த வாத்தைப் பக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் தப் தப் என்று சின்னக் காலடிகள்.

"சத்தம் கேக்குதுக்கா."

"கேக்கலாம். கொள்கையில காது வரல."

சாயங்காலம் பெற்றவர்கள் வந்தால் பெரியக்கா ஒன்றும் அறியாதவள்போல், "இன்னிக்கு நாளைக்கு நடந்துடுவான் போலிருக்கு, வீட்டுல கவனிச்சுப் பாருங்க" என்பாள். மறுநாள் அவர்கள் ஆனந்தக் கண்ணீரோடு ஓடி வருவார்கள். பெரியக்காவும் வாயைப் பிளந்து ஆச்சரியப்படுவாள். நாளாக நாளாக அந்த ஆச்சரியத்தில் அவளுக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டது.

கொள்கை ஒரே ஒரு குழந்தையிடம்தான் மாட்டிக்கொண்டு முழித்தது. அது மேடத்தின் சொந்தப் பிள்ளை. ஊழியர்கள் வைத்த பெயர் 'சின்ன முதலாளி'.

மேடத்தின் அலுவலகம் நேர் மேல் மாடியில். பெரியக்கா படியேறிப் போய்ச் சொன்னாள்: "மேடம், தம்பி இந்த வாரம் நடந்துடுவான் போலிருக்கு."

"அப்படியா! ஞாயித்துக்கிழமை பாத்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை மேடம் ஒரு மண்டபத்தில், 'குழந்தையோடு தரமான நேரம் செலவிடுவது எப்படி' என்று மற்ற பெற்றோர்களுக்கு வகுப்பெடுத்தார். அடுத்த ஞாயிறும் அதே வகுப்பு, வேறு மண்டபம். மற்ற நாட்களில் சித்தி வந்து பிள்ளையை அழைத்துப் போவாள். மேடம் வீடு சேரும்போது அவன் தூங்கியிருப்பான். வீட்டில் அவன் நடப்பதைச் சித்தி பார்த்தாள். அக்கா ஆசையாகக் காத்திருக்கிறாளே என்று வாயைத் திறக்கவில்லை. அப்பாவும் பார்த்தார், மனைவியின் கொள்கைக்குப் பயந்து அவரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆக, சின்ன முதலாளி 'அதிகாரபூர்வமற்ற முறையில்' நடந்தான், ஓடினான், அடுத்த பிள்ளைகளின் செருப்பையெல்லாம் அள்ளிக் கீழ் இழுப்பறையில் பதுக்கினான். மாடிப்படியில் மேடத்தின் ஹீல்ஸ் சத்தம் கேட்டால் பெரியக்கா பாய்ந்து அவனை உட்கார வைப்பாள். கொஞ்ச நாளில் அந்த உதவியும் தேவைப்படவில்லை. டக் டக் கேட்டதும் அவனே பொத்தென்று உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டான். அவ்வளவு பொறுப்பான ஊழியர் அந்தக் காப்பகத்தில் வேறு யாரும் இல்லை.

பிள்ளை நடக்கவில்லையே என்று மேடத்துக்குக் கவலை பிடித்தது. டாக்டர் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அதைக் குடித்த சின்ன முதலாளி இன்னும் வேகமாக ஓடினான். இரண்டாவது டாக்டர் எலும்பு நிபுணரைப் பார்க்கச் சொன்னார். காலுக்குக் கம்பி வைத்த பூட்ஸ் போட வேண்டியிருக்கும் என்ற பேச்சும் வந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து புதுசுக்குச் சோறு இறங்கவில்லை.

"சொல்லிடலாம்க்கா."

"சொன்னா, நீ எப்படிப் பாத்தேன்னு கேப்பாங்க. உன் வேலையும் போயிடும், என் வேலையும் போயிடும். வாத்தப் பாரு."

நிபுணரைப் பார்க்கப் போவதற்கு முதல் நாள் மதிப்பீட்டாளர் வந்து சேர்ந்தார். சாண் உயர நாற்காலியில் அவரை அமர்த்தினார்கள்; முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்தது. அவர் கம்பீரம் குறையாமல் அறிவித்தார்:

"பயிற்சி ஊழியர் ஒரு குழந்தையைத் தானாக இயங்க ஊக்குவித்துக் காட்ட வேண்டும். எங்கே, குழந்தை?"

மற்றவர்களெல்லாம் மத்தியானத் தூக்கம். விழித்திருந்தவன் சின்ன முதலாளி ஒருவன்தான். அந்த நேரம் பார்த்து, விருந்தினரைக் கௌரவிக்க மேடமே இறங்கி வந்தார். டக் டக். சின்ன முதலாளி பொத்தென்று உட்கார்ந்து கையைக் கட்டினான்.

"இது நடக்குமா?" என்றார் மதிப்பீட்டாளர்.

"இன்னும் இல்ல சார்," என்றார் மேடம். "நாளைக்கு ஸ்பெஷலிஸ்ட்டப் பாக்கப் போறோம்."

பெரியக்கா கண்ணாலேயே வாத்தைக் காட்டினாள். புதுசு பிள்ளையின் காலைப் பார்த்தாள். தடுக்கி விழுந்து, எழுந்து, ஓடி உரம் ஏறிய கால். வேலை போனால் போகட்டும், முக்காலி இருக்கவே இருக்கிறது என்று தோன்றியது.

"மேடம், உங்க செருப்பக் கொஞ்சம் கழட்டறீங்களா?"

"எதுக்கு?"

"ஊக்குவிக்கறதுக்கு மேடம்."

மதிப்பீட்டாளர் 'புதிய அணுகுமுறை' என்று குறித்துக்கொண்டார். மேடம் குழப்பத்தோடு ஹீல்ஸைக் கழற்றிக் கையில் எடுத்தார். புதுசு மண்டியிட்டாள்.

"எழுந்திரிடா ராஜா. ஒண்ணும் பயமில்ல."

சின்ன முதலாளி அம்மாவின் வெறுங்காலை ஒருமுறை பார்த்தான். எழுந்தான். நேராக மதிப்பீட்டாளரிடம் நடந்து போய், அவர் பையைத் திறந்து, மூக்குக்கண்ணாடிப் பெட்டியை எடுத்து, அறையின் மறுகோடிக்கு ஓடி, இழுப்பறையில் போட்டு, காலால் உதைத்து மூடினான்.

"முதல் அடி!" மேடம் வீறிட்டார். "என் புள்ள நடக்கறான்! முதல் அடி!"

அந்தச் சொல் காதில் விழுந்ததும் பெரியக்காவும் சமையல்கார அம்மாவும் பழக்கதோஷத்தில் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"இவங்க ஏன் சுவரப் பாக்கறாங்க?"

"ஆனந்தக் கண்ணீர் சார். வெளிய காட்டிக்க மாட்டோம்," என்றாள் பெரியக்கா, வாத்திடம்.

மேடம் தரையில் மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்தார். மை கரைந்து கன்னத்தில் ஓடியது. "வாடா கண்ணா! அம்மாகிட்ட வாடா!"

சின்ன முதலாளி தத்தக்கா பித்தக்கா என்றில்லாமல் நிதானமாக நடந்து வந்தான். கை எட்டும் தூரத்தில் நின்றான். அம்மாவின் முகத்தை அண்ணாந்து உற்றுப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்தது. வலது கையைத் தூக்கி ஆட்டினான்.

"டாட்டா!"

சொல்லிவிட்டு இழுப்பறைப் பக்கம் போய்விட்டான். மேடத்தின் கைகள் விரித்தபடியே இருந்தன.

மதிப்பீட்டாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பேசவும் பேசுதே! இது உங்க பயிற்சியா?"

புதுசு தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல சார். மேடம் சொல்லிக் கொடுத்ததுதான். காலையில வாசல்ல எங்க கையில குடுத்துட்டு மாடிக்குப் போறப்ப."

புதுசுக்குத் தேர்ச்சி கிடைத்தது. குழந்தையின் அறிவு வளர்ச்சி என்ற இடத்தில் மதிப்பீட்டாளர் முழு மதிப்பெண் போட்டு, தெளிவான கையெழுத்தில் காரணமும் எழுதினார்: 'பெற்ற தாயைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்கிறது.'