அட்சதையோடு இங்கிலாந்துக்குப் புறப்பட்டேன்

பிள்ளைகளே, படித்தவனுக்குப் புத்தி அதிகம் என்று உங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதை முழுதும் நம்ப வேண்டாம். சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்த நான், பஸ் ஏறுவதற்கு முன்பே இங்கிலாந்தைத் தொலைத்தவன்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, கேட்டில் சோதனை. காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாதென்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே கொண்டுபோகத் தடை. அந்த நேரத்தில்தான் இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சிக்குச் சர்க்கார் உபகாரச் சம்பளம் தருவதாக அறிவிப்பு வந்தது. எழுதிப் போட்டேன். சிரம்பானுக்கு நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள். (அன்றே பாதி வெள்ளைக்காரனாகிவிட்டேன். முள்கரண்டியால் ரசஞ்சோறு சாப்பிட்டுப் பழகினேன். ரசம் முழுக்க வேட்டியில்.)

புறப்படும் காலையில் அம்மா என் தலையில் அட்சதை போட்டாள். எங்கள் வீட்டு வரிசையான லயத்துச் சனமும் போட்டது. எனக்கு ஆசை அடங்கவில்லை. நேர்முக அறைக்குள் நுழையும்போதும் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாமென்று, தட்டில் மிஞ்சிய மஞ்சளரிசியையெல்லாம் கைக்குட்டையில் முடிந்து, இரவல் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டேன்.

கேட்டில் காவல் ஆறுமுகம் அண்ணன். எங்கள் லயத்துக்காரர்தான். பையைத் தடவியதும் அவர் முகம் மாறியது.

"டேய் லண்டன், இது அரிசிடா."

"அரிசி இல்லண்ணே, அட்சதை."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். போலீசுத் தொரைக்குத் தெரியுமா? அவன் வர்றதுக்குள்ள லோங்காங்ல கொட்டிட்டு பஸ் ஏறு லா."

அம்மா ஆசீர்வதித்த அட்சதையைச் சாக்கடையில் கொட்டுவதா? அவர் கெஞ்சக் கெஞ்ச நான் நியாயம் பேசிக்கொண்டே நின்றேன். துரை வந்துவிட்டார். நேர்முகத்துக்காக மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் முழுவதையும் அவரிடம் ஒப்பித்தேன். என் பள்ளிக்கூடம், என் லட்சியம், நான் ஏன் ஆசிரியராக விரும்புகிறேன் என்பது வரைக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அரிசி எதற்கு என்றார். தலையில் போட்டுக்கொள்ள என்றேன். காவல் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டார்.

தோட்டத்து மானேஜர் வந்து எனக்காகப் பேசி விடுவித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இன்னொரு முறை கூப்பிடும்படி எழுதிப் பார்த்தேன். பதிலில்லை. தோட்டத்திலேயே கணக்கெழுதும் கிராணியாகிவிட்டேன்.

கல்யாண வீட்டில் அட்சதைத் தட்டு வந்தால் உங்கள் சித்தப்பா இன்றும் விடமாட்டான். "அண்ணனுக்குக் குடுக்காதீங்க, போலீஸ் வந்துரும்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

அம்மா மட்டும் சிரித்ததில்லை. தன் கை ராசியில்லாத கை என்று முடிவு கட்டிவிட்டாள். உங்கள் அத்தை கல்யாணத்தில்கூட, தட்டு வந்ததும் பக்கத்திலிருந்தவரிடம் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றாள். "உங்க கை இல்லம்மா, என் வாய்" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. உங்களில் ஒருவர் தலையிலும் அவள் அட்சதை போட்டதில்லை.