நாக்கில் விழுந்த தறிமுடிச்சு

ஜலகண்டாபுரத்தில் அந்த மாதம் பாதித் தறிகள் ஓடவில்லை. நூல் தட்டுப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள், புத்தித் தட்டுப்பாடு. ஊரே கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு முடிச்சுச் சாமியாரின் கொட்டகை வாசலில் நின்றது.

வெளியூர்ச் சாமியாரின் விஞ்ஞானம் சுலபமானது. கர்ப்பிணி, தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டால் அது வயிற்றுப் பிள்ளையின் நாக்கில் விழுந்துவிடுமாம். தறி ஓட்டாத பெண் அந்த ஊரில் ஏது? எல்லாத் தாய்மாரும் குற்றவாளிகள். சாமியார் குழந்தை வாயில் விரலை விட்டு, ஈரநூல் முடிச்சு ஒன்றை எடுத்துக் காட்டுவார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

கோகிலவாணியின் தங்கை தனப்பிரியாவின் குழந்தை மார்பைப் பற்றிப் பால் குடிக்க முடியாமல் வற்றிக்கொண்டிருந்தது. நாக்கின் அடியில் சின்னச் சவ்வு ஒன்று இழுத்துப் பிடித்திருந்தது. ஒரு சின்ன வெட்டு போதும் என்றார் அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா. கத்தி பட்டால் பிள்ளை ஊமை, மூன்று அமாவாசை முடிச்செடுக்க வேண்டும் என்றார் சாமியார். தனப்பிரியா யாரை நம்பினாள் என்று சொல்லவும் வேண்டுமா?

கோகிலவாணி வாதாடவில்லை. தானும் வரிசையில் போய் உட்கார்ந்து, நாக்குச் சரியாகப் புரளவில்லை என்று சாமியாரிடம் குழறினாள். அக்காவுக்கும் பக்தி வந்துவிட்டதென்று தங்கைக்கு ஒரே பூரிப்பு.

விரல் போனது, முடிச்சு வந்தது.

"பொறவி முடிச்சு தாயி. கத்தி பட்டிருந்தா இந்நேரம் நீ ஊமை," என்றார் சாமியார்.

கோகிலவாணி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "தங்கச்சி பொறக்கறதுக்கு முன்ன, ஆறு வயசுலயே சேலத்துல எனக்கு அந்தச் சவ்வ வெட்டியாச்சுங்க. அன்னைக்குத் தொறந்த வாய் இன்னும் மூடலீங்க. இல்லாத சவ்வுல எந்த முடிச்ச எடுத்தீங்க?"

சாமியார் கையை உருவப் பார்த்தார். விரலிடுக்கிலிருந்து அடுத்த பிள்ளைகளுக்கான முடிச்சுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. யார் வாய்க்கும் போகாமலே எல்லாம் ஈரம்! என்ன தீர்க்கதரிசனம்!

தனப்பிரியா ஒன்றைக் குனிந்து எடுத்துப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். "ஆசுபத்திரிக்கு இப்பவே போலாங்க்கா," என்றாள்.

அன்று சவ்வை வெட்டிய சற்று நேரத்தில் பிள்ளை மார்பைக் கவ்விக்கொண்டது. இத்தனை நாள் பட்டினி போட்டுவிட்டேனே என்று தாய் தேம்பித் தேம்பி அழுதாள்.

சாமியார் வேறு ஊரில் கடை விரித்திருக்கிறாராம். உங்கள் ஊருக்கும் வருவார். வந்தால், முதலில் கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். விரிக்கத் தயங்குகிற கையில் பிள்ளையைக் கொடுக்கிறவர்களுக்குத்தான் முதல் வைத்தியம் தேவை.